தாரிகாவுக்கு வந்து சேர்ந்த அப்பா

மூர்த்தி அங்கிள் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு முதன்முதலாக வந்தது ஆனி மாதத்து ஒரு சனிக்கிழமை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று புகுந்து கோயமுத்தூரையே தள்ளிக்கொண்டிருந்தது, கொடிக்கம்பத்துக் கயிறு டணக் டணக்கென்று அடித்துக்கொண்டிருந்தது, கேட்டுக்கு வெளியே அரை மைலுக்குக் கார்கள் நின்றன, அவற்றில் எதிலிருந்தும் இறங்காமல், ஆனால் கையில் ஒரு கார்ச் சாவியை மட்டும் சுழற்றிக்கொண்டு, இளநீலச் சட்டையின் கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டபடி அவர் நடந்து வந்தார்.

வாட்ச்மேன் குப்புராஜண்ணன் நோட்டை நீட்டினார். "பேரு சொல்லுங் சார்."

"மூர்த்தி. தாரிகாவோட ஃபாதர். ஒன்பதாவது பி."

"வண்டி எங்கீங்க நிறுத்திருக்கீங்க?"

"டிரைவர் ரவுண்டு அடிச்சிட்டிருக்கான். பார்க்கிங் பயங்கரம்."

"அதென்னமோ நெசந்தானுங்க" என்று சொல்லிக் குப்புராஜண்ணன் உள்ளே விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த மனிதர் முந்தின வாரம்வரை உலகத்திலேயே இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும், ஏனென்றால் அவரைச் செய்தது நான். மண்ணால் அல்ல, மாவால் அல்ல, வாயால்.

ஆனால் முதலில் தாரிகாவைச் சொல்ல வேண்டும், அவளைச் சொல்லாமல் இவரைச் சொல்வது கதவைச் சொல்லாமல் தாழ்ப்பாளைச் சொல்வது மாதிரி.

எங்கள் வெஸ்ட்விண்ட் பப்ளிக் ஸ்கூலில் வருடத்துக்கு ஐந்து பேரைப் பரீட்சை வைத்து இலவசமாகச் சேர்ப்பார்கள். அந்த ஐந்து பேர் யார் என்பது டிரஸ்ட் ஆபீஸ் இரும்பு பீரோவுக்குள் இருக்கும். டீச்சர்களுக்குத் தெரியாது, பிரின்சிபல் மேடத்துக்கே தெரியாது. அந்தப் பிள்ளைகள் மனம் நோகக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அதனால் என்ன ஆயிற்றென்றால், அந்த ஐந்து பேரும் தங்களுக்கு ஒரு வீட்டையும், வீட்டுக்கு முன்னால் ஒரு காரையும், காரில் போய்வந்த ஒரு கோடை விடுமுறையையும் தாங்களே கட்டி எழுப்பிக்கொள்ள வேண்டியதாயிற்று. இன்னொரு விதியும் உண்டு: இடத்தை விட்டு ஒரு நாள் விலகினாலும் அது வரிசையில் அடுத்து நிற்கும் பிள்ளைக்குப் போய்விடும், பிறகு தலைகீழாக நின்றாலும் திரும்பக் கிடைக்காது.

எட்டாம் வகுப்பில் அப்படி வந்து சேர்ந்தவள் தாரிகா. அவள் சமாளித்த அழகை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் விசிலடிக்கத் தோன்றும். டவுன் பஸ்ஸில் வருவாள், ஆனால் ஸ்கூல் ஸ்டாப்பில் இறங்க மாட்டாள். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, கார்கள் வரும் திசையிலிருந்தே திரும்பி நடந்து வருவாள், பார்ப்பவர்களுக்கு இப்போதுதான் ஏதோ ஒன்றிலிருந்து இறக்கிவிட்டுப் போனது போலிருக்கும். லீவுக்கு எங்கே போனாய் என்று எங்கள் வகுப்பு ரியா கேட்டால், "நீ மொதல்ல சொல்லு, அப்பத்தான் நான் சொல்லுவேன்" என்பாள். ரியா மாலத்தீவில் ஆரம்பித்து, மீன் கடித்த கால்விரலைக் காட்டி முடிப்பதற்குள் பெல் அடித்துவிடும், மறுநாள் ரியா தாரிகாதான் தன் உயிர்த்தோழி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள், ஏனென்றால் அந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் பேச்சைக் கடைசிவரை கேட்ட முதல் ஆள் தாரிகாதான். ஊட்டி டூர் வந்தபோது, "மலை ஏறுனா எனக்குக் காது அடைச்சுக்கும்ப்பா" என்றாள். பாவம் தாரிகா தனியாக இருப்பாளே என்று இரண்டு பேர் டூரையே விட்டுவிட்டு அவளோடு லைப்ரரியில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு பொய்கூட அவள் சொன்னதில்லை, அதுதான் வித்தை. சேர்க்கைப் படிவத்தில் அப்பாவின் தொழில் என்ற இடத்தில் 'தண்ணீர் சப்ளை' என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தாள். அதைப் படித்த எங்கள் வகுப்பாசிரியை ஷர்மிளா மிஸ், கண்ணை அகல விரித்து, "ஓ, டாடி வாட்டர் பிசினஸா? ப்யூரிஃபையர் மாதிரியா?" என்று கேட்டார். "தண்ணிதான் மிஸ்" என்றாள் தாரிகா. அன்றையிலிருந்து அவள் வாட்டர் கம்பெனி முதலாளியின் மகள்.

தினமும் பதினொரு மணி இடைவேளையில் பின் கேட் வழியாக ஒரு நீலநிறத் தண்ணி லாரி உள்ளே வரும். அசெம்பிளி ஹாலை ஒட்டித் தரைக்கடியில் இருக்கும் சம்ப்பில் ஹோஸை இறக்கிவிட்டு, காக்கிச் சட்டையும் முழங்கால்வரை சுருட்டிய பேன்ட்டும் தலையில் துண்டுமாக டிரைவர் நிழலில் உட்கார்ந்திருப்பார். அந்த லாரியின் ஹார்ன் மாடு கத்துகிற மாதிரி இருப்பதால் சத்தம் கேட்டதும் வகுப்பு முழுக்க ஜன்னலுக்கு ஓடும். தாரிகா மட்டும் பார்க்க மாட்டாள். அந்த டிரைவரும் மூன்று மாடிக் கட்டிடத்தின் எல்லா ஜன்னலையும் பார்ப்பார், எங்கள் வகுப்பு ஜன்னலை மட்டும் பார்க்க மாட்டார். இரண்டு பேர் இவ்வளவு கச்சிதமாக ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்க வேண்டுமென்றால், ஒரே வீட்டில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்திருக்க வேண்டும்.

கெமிஸ்ட்ரி லேபில் அவள் காதருகே போய்ச் சொன்னேன். "உங்கப்பா லாரி ஹார்ன் சூப்பர்டி."

அவள் கையிலிருந்த டெஸ்ட் டியூப் ஆடவே இல்லை. "போய் எல்லார்கிட்டயும் சொல்லு."

"சொல்லட்டுமா?"

"சொல்லு சம்மு. ஆனா உன் சொந்தக் குரல்ல சொல்லணும். அது எதுன்னு உனக்கே மறந்து போயிருக்குமே."

அன்றைக்கே நான் அவளுக்கு அடிமை. அந்தப் பள்ளிக்கூடத்தில் பிரின்சிபலின் இருமல் முதல் கேன்டீன் மிக்ஸி வரைக்கும் எல்லாவற்றையும் என் தொண்டையில் வைத்திருந்தேன். என்னை அதே இடத்தில் குத்தியவள் அவள் ஒருத்திதான்.

ஒன்பதாவது தொடங்கியதும் வினை வந்தது. போன வருடம் இரண்டு பெற்றோர் கூட்டத்துக்கும் தாரிகாவின் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. "மூணாவது தடவையும் டாடி வரலேன்னா, நானே உங்க வீட்டுக்கு வந்து பார்த்துடறேன், ஓகே?" என்றார் ஷர்மிளா மிஸ், ஏதோ பரிசு கொடுப்பது மாதிரி. தாரிகா தன் பஸ் பாஸைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் திணித்தாள். ஆகவே அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய் ஓர் அப்பாவைச் செய்ய ஆரம்பித்தேன். பம்ப் கம்பெனி வைத்திருக்கும் எங்கள் அப்பா, பேங்க் மேனேஜரிடம் பேசும்போது மட்டும் வருகிற மூக்கு. எங்கள் அபார்ட்மெண்ட் செக்ரட்டரியின் தொண்டை. நடுவில் செருமுவதற்கு ஸ்கேட்டிங் கோச். மூன்றையும் குழைத்து ஷர்மிளா மிஸ்ஸைக் கூப்பிட்டேன். முதல் கால்: "சாரி மேடம், நான் ஊர்ல இல்ல." இரண்டாவது: "நாங்க குழந்தைய ப்ரெஷர் பண்றதே இல்ல மேடம்." மூன்றாவது காலில் மிஸ் விடாமல் பிடித்ததால், எல்லா அப்பாக்களும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்: "இந்த சாட்டர்டே கண்டிப்பா வந்துடறேன்."

மற்ற அப்பாக்கள் அப்படிச் சொல்லிவிட்டு அம்மாக்களை அனுப்பிவிடுவார்கள். அவர்களுக்கு ஆபீஸ் உண்டு, முதுகுவலி உண்டு, மறதி உண்டு. சொன்ன சொல்லைத் தவிர வேறெதுவுமே இல்லாத ஒருவர் அந்தச் சொல்லைக் காப்பாற்றாமல் என்ன செய்வார்? வந்துவிட்டார்.

வகுப்பு வாசலில் நின்று, "ஹாய் பேபி" என்று தாரிகாவின் தலையைத் தட்டினார். அவர் வருவதற்கு இரண்டு நொடி முன்னாலேயே அவர் குரல் வந்துவிட்டது. மீசை எங்கள் அப்பாவுடையது, தொப்பை செக்ரட்டரியுடையது, நடை ஸ்கேட்டிங் கோச்சினுடையது. நாற்காலிவரை வழுக்கிக்கொண்டே போய் உட்கார்ந்தார்.

"சம்மு, இது உங்கப்பா மீசைடி" என்றாள் தாரிகா, உதடு அசையாமல்.

"அப்பா வீட்டுல மீசையத் தேடாம இருந்தாச் சரி" என்றேன். அதற்குமேல் ஆச்சரியப்பட எங்களுக்கு நேரமில்லை, மார்க் ஷீட் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பள்ளிக்கூடம் அவரை எப்படி ஏற்றுக்கொண்டது என்று கேட்டால், வெயில் காலத்தில் ஏசியை ஏற்றுக்கொள்கிற மாதிரி. அவருக்குத் தெரிந்தது நான் போனில் சொன்னதும் சொல்ல நினைத்ததுமாக முப்பது வாக்கியம்தான். டிராஃபிக் பயங்கரம். குழந்தை ஹேப்பியா இருந்தாப் போதும். மேத்ஸ்ல கொஞ்சம் ஃபோகஸ் பண்ணணும். நம்ம காலத்துல இதெல்லாம் எங்க இருந்துச்சு. முப்பதுக்கு வெளியே யாராவது ஏதாவது கேட்டுவிட்டால் வாட்சைப் பார்த்து, "நல்ல கேள்வி" என்பார். யாருமே கண்டுபிடிக்கவில்லை, ஏனென்றால் மற்ற அப்பாக்களும் அதே முப்பதைத்தான் வைத்திருந்தார்கள். இவர் செருமலோடு சொன்னதால் இவர் சொன்னது கூடுதல் ஆழமாகத் தெரிந்தது. "எங்க வீட்டுக்காரரும் இருக்காரே, நாலு வார்த்தை பேசுனா மூணு வார்த்தை கிரிக்கெட்டு, மூர்த்தி சாரப் பாருங்க" என்று ரியாவின் அம்மா பெருமூச்சு விட்டார். டாக்டர் அப்பாக்கள் அவரிடம் யோசனை கேட்டார்கள். ஆடி மாதத்தில் பெற்றோர் சங்கத் தலைவராக்கினார்கள். காற்று பலமாக அடிக்கும் நாட்களில் மட்டும் அவர் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பார், கூட்டத்துக்கு வந்தவர்களும் மரியாதைக்காக ஆளுக்கொரு தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

சின்னச் சின்னக் குறைகள் இருந்தன, இல்லையென்று சொல்லவில்லை. "அந்த சார் காப்பியத் தொடறதே இல்லீங்க, இப்பத்தான் சாப்ட்டேன், இப்பத்தான் சாப்ட்டேன்னுட்டு வாசத்தை மட்டும் இழுத்துட்டுப் போயிர்றாரு, மத்தவங்களுக்கு வெந்நித்தண்ணி மாதிரி ஆயிருது" என்று கேன்டீன் அக்கா முறையிட்டார். குப்புராஜண்ணன் தன் நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள வந்த நேரம் அறுவத்தேழு எடத்துல எழுதிருக்கேன், வெளிய போன நேரம் ஒரு எடத்துலயும் இல்லையே அம்மிணி, இந்த மனுசன் வந்துட்டே இருக்காரே" என்றார். ஆனால் நல்ல மனிதர் ஒருவர் வந்துகொண்டே இருப்பதில் தப்பென்ன என்று அவருக்கும் தோன்றிவிட்டது.

தாரிகாவுக்கு அது பொற்காலம். "உங்கப்பா சோ கூல்" என்று பெண்கள் வந்து வந்து சொன்னார்கள். மதியச் சாப்பாட்டில் ஜன்னலோர மேஜையில் அவளுக்கு ஓர் இடம் தானாக ஒதுங்கியது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடப்பதைக்கூட விட்டுவிட்டாள். ஸ்கூல் ஸ்டாப்பிலேயே இறங்கி, "கார் சர்வீஸ்ல இருக்கு" என்று அலட்சியமாகச் சொன்னாள். அது அவள் சொன்ன முதல் பொய். அதைச் சொன்னபோது அவள் குரல் என் குரல்களில் ஒன்றைப் போலவே இருந்தது, எனக்கு அது பிடிக்கவில்லை.

விளையாட்டு விழா அன்றைக்கு மூர்த்தி அங்கிளுக்குச் சால்வை போர்த்தினார்கள். மைக்கில் பிரின்சிபல் மேடம், "தாரிகாவின் அருமைத் தந்தை, நம் எல்லோருக்கும் வழிகாட்டி" என்றார். மைதானமே கைதட்டியது. அன்றைக்குக் கூட்டம் அதிகம் என்பதால் தண்ணி லாரியும் இரண்டாவது நடையாகப் பின் கேட்டில் நின்றிருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். திருமூர்த்தி, அதுதான் அந்த டிரைவரின் பெயர், தாரிகாவின் நிஜ அப்பாவின் பெயர், ஹோஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தட்டினார்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் நடந்ததைத் தாரிகா எனக்கு லைப்ரரியில் வைத்துச் சொன்னாள். சாப்பிட உட்கார்ந்த திருமூர்த்தி, சோற்றைப் பிசைந்தபடி, "உங்கப்பா நல்லாப் பேசறாருஞ் சாமி" என்றிருக்கிறார். கரண்டியோடு நின்ற தாரிகாவின் அம்மா சாந்தாமணி, "யாரு அது?" என்று கேட்டிருக்கிறார். "நாந்தான், வேற யாரு" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்திருக்கிறார், சாந்தாமணிக்கு ஒன்றும் புரியவில்லை.

"கோவமா சொன்னாராடி?" என்று கேட்டேன்.

"இல்ல. நெசமாவே சந்தோசமா சொன்னாரு." புத்தகத்தின் ஒரே பக்கத்தை அவள் மூன்று தடவை திருப்பினாள். "சம்மு, அவர நிறுத்திரு."

நிறுத்தலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதற்குள் மூர்த்தி அங்கிள் முப்பத்தோராவது வாக்கியம் ஒன்றைக் கற்றுக்கொண்டிருந்தார். நான் கற்றுக்கொடுத்ததல்ல, எங்கள் வகுப்பு துருவ்வின் அப்பா வேலை மாறிப் போகும்போது பள்ளி ஆபீஸில் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார், கேட்டதும் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மறுநாளே பிரின்சிபல் அறையில் உட்கார்ந்து சொன்னார்: "நாங்க சிங்கப்பூர் ஷிஃப்ட் ஆகுறோம் மேடம். தாரிகாவுக்கு டீசி வேணும்."

பள்ளிக்கூடம் துக்கத்தில் ஆழ்ந்தது. பிரிவுபசார விழாவுக்குக் குழு போட்டார்கள். வருகிற சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் அப்பா கையெழுத்துப் போட்டதும் டீசி கையில் கொடுக்கப்படும் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். தாரிகா ஓடிப்போய், "மேம், எனக்குப் போக வேண்டாம்" என்றாள். மேடம் அவள் கன்னத்தைத் தட்டினார். "எல்லாக் குழந்தைங்களும் இப்படித்தான் சொல்லுவாங்க டார்லிங். சிங்கப்பூர் போனதும் எங்களையெல்லாம் மறந்துடுவே பாரு."

நான் பெண்கள் பாத்ரூமுக்குள் நின்று மேடத்துக்குப் போன் போட்டேன். மூக்கு, தொண்டை, செருமல் எல்லாம் சரியாக வந்தன. "மேடம், மூர்த்தி பேசறேன். அந்த டீசிய கேன்சல் பண்ணிடுங்க."

அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது. "மிஸ்டர் மூர்த்தி, நீங்க என் முன்னாடிதானே உட்கார்ந்திருக்கீங்க?"

பிறகு போன் கை மாறுகிற சத்தம். "ஹலோ, மூர்த்தி ஹியர்" என்றது என் குரல், என் காதுக்குள். வைத்துவிட்டேன். என்னைவிட அவர் நன்றாகப் பேசினார்.

"வேற வழியில்லடி" என்றேன் தாரிகாவிடம். "உங்கப்பாவக் கூப்புடு."

"கூப்ட்டா வருவாரு. ஈரச் சட்டையோட ஓடி வருவாரு. வந்தா நான் யாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிரும். வரலேன்னா சீட்டுப் போயிரும், கார்ப்பரேசன் ஸ்கூல்லயும் நடு வருசத்துல எடமில்ல, நான் அம்மாகூட பனியன் கம்பெனிக்குத்தான் போகோணும்." அவள் வீட்டுப் பேச்சு பள்ளிக்கூடத்துக்குள் வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "நாலு நாள் இருக்குதில்ல. யோசிக்கறேன்."

நாலு நாளும் யோசித்தாள். சனிக்கிழமை வந்துவிட்டது.

அசெம்பிளி ஹாலில் மேஜை மேஜையாக டீச்சர்கள் உட்கார்ந்திருந்தார்கள், அப்பா அம்மாக்கள் சென்ட் வாசத்தோடு வரிசையில் நின்றார்கள். நடு மேஜையில் பிரின்சிபல் மேடம், எதிரே மூர்த்தி அங்கிள், பக்கத்தில் தாரிகா, மேஜைமேல் டீசி. அங்கிள் பேனாவின் மூடியைக் கழற்றினார். எவ்வளவு பெரிய கேள்விக்கும் பெல் அடிக்கும்வரை தாக்குப்பிடிக்கத் தெரிந்த தாரிகா, அன்றைக்கு அடிப்பதற்கு ஒரு பெல்லும் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். பின்பக்கத்திலிருந்து மாடு கத்துகிற ஹார்ன் சத்தம் கேட்டது. நான் ஓடினேன்.

திருமூர்த்தி அப்போதுதான் ஹோஸை சம்ப்பில் விட்டு வால்வைத் திறந்திருந்தார். "ஏனம்மிணி இப்புடி ஓடியாற, நாய் கீது தொரத்துதா?"

எல்லாவற்றையும் என் சொந்தக் குரலிலேயே சொன்னேன். கொஞ்சம் கீச்சென்றுதான் இருந்தது. அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார், செருப்பைக் கழற்றி வைத்தார், பின்கதவு வழியாக ஹாலுக்குள் போனார். வால்வை மூட இருவருக்கும் நினைவில்லை.

கூட்டம் தானாக விலகியது, அழுக்கு ஒட்டிவிடுமோ என்கிற மாதிரி. அவர் நேராக மூர்த்தி அங்கிளின் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏனுங் சார், பாப்பாவ எங்கீங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"சிங்கப்பூர்."

"அங்க எந்தப் பக்கமுங்க?"

"நல்ல கேள்வி" என்று வாட்சைப் பார்த்தார் அங்கிள்.

"ஒரு கேள்விதானுங்க கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. உங்க ஊட்டுக்கு நல்ல தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா வருது?"

மூர்த்தி அங்கிள் வாயைத் திறந்தார். முப்பத்தொன்றிலும் தேடினார். வரிசையில் நின்ற அப்பாக்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பாதிப்பேருக்கு அவர்கள் வீட்டுக் கதையும் தெரியாது.

"எக்ஸ்க்யூஸ் மீ, நீங்க யாரு?" என்றார் பிரின்சிபல் மேடம்.

திருமூர்த்தி தாரிகாவைப் பார்த்திருக்கலாம். அவள் அவருக்கு இரண்டு அடி தூரத்தில்தான் இருந்தாள். பார்க்கவில்லை. "நானுங்களா, தண்ணி கொண்டாறவனுங்க. இந்தப் பாப்பா நல்லாப் படிக்குதுன்னு வழியில பேசிக்கிட்டாங்க. படிக்கிற புள்ளைய நடு வருசத்துல கெளப்ப வேண்டாமுன்னு சாருகிட்டச் சொல்லிட்டுப் போலாமுன்னு வந்தேன், அவ்வளவுதானுங்க."

"தேங்க் யூ. நாங்க பார்த்துக்கறோம். நீங்க உங்க வேலையப் பாருங்க."

"சரிங்க" என்று அவர் திரும்பினார். அங்கிள் மறுபடி பேனாவை எடுத்துக் காகிதத்துக்கு நேராகக் குனிந்தார்.

அப்போதுதான் தண்ணீர் வந்தது. சம்ப் நிரம்பி, படி தாண்டி, பின்கதவுக்கு அடியில் நுழைந்து, பளிங்குத் தரையில் கண்ணாடி மாதிரி ஓசையில்லாமல் பரவி, முதல் வரிசை ஷூக்களை நனைத்த பிறகுதான் யாரோ அலறினார்கள். அம்மாக்கள் புடவையைத் தூக்கினார்கள், அப்பாக்கள் நாற்காலிமேல் ஏறினார்கள், டாக்டர் அப்பா ஒருவர் ரியாவின் அம்மாவுடைய நாற்காலியிலேயே ஏறிவிட்டார், பேப்பர் ஃபைல்கள் படகு மாதிரி மிதந்தன. மூர்த்தி அங்கிளின் ஷூ மட்டும் நனையவே இல்லை.

"யாரோட லாரி அது?" பிரின்சிபல் மேடம் மேஜைமேல் கையை ஓங்கி அடித்தார். "கேக்கறேன்ல, யாரோட லாரி? இந்தாளை இனிமே கேட்டுக்குள்ள விடாதீங்க!"

திருமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். அடி வாங்கவும் தயார், வாயைத் திறக்க மட்டும் தயாரில்லை என்கிற மாதிரி நின்றார்.

தாரிகா கையைத் தூக்கினாள். வகுப்பில் தூக்குகிற மாதிரியே, முழங்கையை மடக்காமல், நேராக. எழுந்து நின்றாள்.

"எங்கப்பாவோடதுங்க மேம். அந்தா நிக்கிறாரே, அவருதான் எங்கப்பா. எங்க ஊட்டுக்குப் பதினோரு நாளைக்கு ஒருக்காத் தண்ணி வரும். அவரு டெய்லி உங்களுக்கெல்லாம் ஊத்திட்டு வருவாரு."

ஹாலில் ரியாவின் வாய்கூட மூடியிருந்தது. அந்த மௌனத்தைப் பிறகு எத்தனையோ முறை செய்து பார்த்திருக்கிறேன், எனக்கு வரவில்லை.

"ஏஞ் சாமி" என்றார் திருமூர்த்தி, அழுகிறாரா திட்டுகிறாரா என்று தெரியாத குரலில், "வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்தா என்னடா உனக்கு?"

"சும்மா இருந்து பாத்துட்டேம்ப்பா. நல்லால்ல."

மூர்த்தி அங்கிள் பேனாவை மேஜைமேல் வைத்தார். எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் துடைத்து, ஈரக்கால்களோடு நின்றவர் பக்கம் நகர்த்திவிட்டு, "உட்காருங்க" என்றார். அந்தச் சொல் யார் சொல்லிக்கொடுத்தது என்று எனக்குத் தெரியாது, நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் இன்னும் பெற்றோர் சங்கத் தலைவராகத்தான் இருக்கிறார். பிள்ளை இல்லாத தலைவரிடம் பாரபட்சம் இருக்காது என்று ஒருமனதாக வைத்துக்கொண்டார்கள்.

பிரின்சிபல் மேடம் டீசியைப் பார்த்தார், இரண்டு அப்பாக்களையும் பார்த்தார், தரையில் ஏறிக்கொண்டே வந்த தண்ணீரைப் பார்த்தார். டீசியை ஓரமாகத் தள்ளிவிட்டு, பெற்றோர் வருகைப் பதிவேட்டைத் திருமூர்த்தியின் பக்கம் திருப்பி வைத்தார். "இங்க சைன் பண்ணுங்க, சார்."

"இதா, வால்வ மூடிட்டு வந்தர்றேனுங்க."

"நீ கையெழுத்துப் போடுப்பா" என்றாள் தாரிகா. "நான் மூடறேன்."

ஷூவையும் சாக்ஸையும் கழற்றி என் கையில் திணித்துவிட்டு ஓடினாள். மறுநாளிலிருந்து ஜன்னலோர மேஜையில் அவளுக்கு இடம் இருக்கப்போவதில்லை என்பதும், ரியா பிறந்தநாள் பட்டியலில் ஒரு பெயரை அடிக்கப்போகிறாள் என்பதும் அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? அத்தனையும் தெரிந்த ஒருத்தியின் ஓட்டம் மாதிரியா இருந்தது அது! நாங்கள் எல்லோரும், நாற்காலிமேல் நின்ற அப்பாக்கள் உட்பட, பின்பக்க ஜன்னல்களில் போய் ஒட்டிக்கொண்டோம். லாரியின் பின் கம்பியில் ஒற்றைக் காலை ஊன்றி, மறுகாலை டேங்கில் உதைத்துக்கொண்டு, நூறு முறை திருப்பிய கையோடு அந்தத் துருப்பிடித்த வால்வைப் பிடித்தாள். தண்ணீர் அவள் ஸ்கர்ட்டில் பீச்சியடித்தது.

பதிவேட்டில் பாதிப் பெயரை எழுதியிருந்த திருமூர்த்தி, பேனாவும் கையுமாக ஜன்னலுக்கு ஓடி வந்து, ஒன்றரை வருடமாகப் பள்ளிக்கூடத்தில் வெளியே விடாத குரல் அத்தனையையும் சேர்த்துக் கத்தினார்.

"வலது பக்கந் திருப்பு சாமீ!"

"தெரியும்ப்பா!" என்று அவள் திருப்பிக் கத்தினாள்.